குமரியிலிருந்து அயல்நாட்டுக் கல்விப் பணிக்கு: முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பிள்ளை வெளிநாடு போக விரும்புகிறது என்றால், வளைகுடா வேலை, செவிலியர் பணி, கப்பல் வேலை, மேற்படிப்பு ஆகியவற்றில் ஒன்றைத்தான் வீட்டார் மனத்தில் கொள்வார்கள். ஆப்பிரிக்காவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ பள்ளிக்கூடம் சரிவர நடக்காத ஓர் ஊருக்குச் சென்று, அங்குள்ள ஆசிரியர்களோடு சேர்ந்து குழந்தைகளின் படிப்பை மேம்படுத்த வேண்டும் என்று விரும்புகிற இளைஞர்களும் இளம்பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. எங்கே தொடங்குவது, என்ன படிப்பது, எந்த அமைப்பை நம்புவது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் பாதை நீளமானது. பட்டப்படிப்பு முடித்த நாளிலிருந்து, பொறுப்பான ஓர் அயல்நாட்டுப் பணியில் அமர்வதற்கு நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது. அந்த ஆண்டுகளை வீணான காத்திருப்பாக எண்ண வேண்டாம். பணிக்குத் தேவையான எல்லாமே அந்த ஆண்டுகளில்தான் கைவருகிறது.

முதற்படி: உதவி பெற்றவர்களின் இடத்திலிருந்து பாருங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே மிக உயர்ந்த அளவு அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே மண்ணில் பெரும்பான்மையான மக்களுக்குப் பள்ளி வாசலே மறுக்கப்பட்டிருந்தது. இந்த மாற்றத்தில் அயல்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் பங்குண்டு, இந்த மண்ணின் மக்களுக்கும் பங்குண்டு. நீங்கள் இப்போது செய்ய நினைப்பதை ஒரு காலத்தில் வேறு நாட்டவர் நம் ஊரில் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பணியில் எது நிலைத்தது, ஏன் நிலைத்தது என்று ஆராய்வதைவிடச் சிறந்த தொடக்கப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

மயிலாடியிலிருந்து தொடங்கலாம். 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ஜெர்மானிய கிறிஸ்தவ மிஷனரியான ரிங்கல்தௌபே மயிலாடியைத் தம் பணிக்கு நடுவிடமாகக் கொண்டார். அவர் தாமாக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே அவர் அங்கு வந்தார், அவர் போன பிறகும் பணியைக் காத்து நின்றவர் வேதமாணிக்கம்தான். அடுத்து வந்த சார்லஸ் மீட் காலத்தில், 1819இல் நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட கல்விக்கூடமே பின்னர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதே காலத்தில் வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு, பின்னல் லேஸ் வேலையையும் கற்றுக்கொடுத்தார். படிப்போடு ஒரு கைத்தொழிலும் சேர்ந்ததால், அந்தப் பெண்கள் தம் கையால் கூலி பெற்றனர். மேலாடை அணியும் உரிமைக்காகவே பெண்கள் போராட வேண்டியிருந்த காலத்தில் அந்தக் கூலி எவ்வளவு பெரிய விடுதலை என்பதை எண்ணிப் பாருங்கள். இவர்களோடு சேர்த்தே சாமித்தோப்பு அய்யா வைகுண்டரையும் படிக்க வேண்டும். எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் இறைக்கலாம் என்று முத்திரிக் கிணற்றை அமைத்த அவருடைய சமத்துவப் பணி இந்த மண்ணிலிருந்தே எழுந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும், அங்கும் இப்படி ஓர் உள்ளூர் முயற்சி உங்களுக்கு முன்பே நடந்துகொண்டிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நிற்பதுதான் வெளியாளின் முதல் கடமை.

நெய்யூருக்கும் மார்த்தாண்டத்துக்கும் ஒருமுறை நேரில் சென்று வாருங்கள். 1922இல் எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் வந்த ஆங்கிலேய மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூர் மருத்துவமனையின் நெருக்கடியைக் கண்டார். லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்தார். மார்த்தாண்டத்தில் 1920களில் கிராம மறுமலர்ச்சி மையம் தொடங்கிய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், மக்கள் தாமே செய்யக்கூடியதை மட்டுமே கற்பிப்பது என்ற கொள்கையோடு, தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கூட்டுறவையும் பரப்பினார். இங்கே தேறிய முறைகளைப் பின்னாளில் அவர் மெக்சிகோவுக்கும் கொண்டுசென்றார். மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயரோடு விற்கிறது. கற்பித்தவர் போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் தொழில் மக்கள் கையில் இருக்கிறது என்பதே அந்தப் பணிக்குக் கிடைத்த மதிப்பெண்.

மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கடற்கரை ஊர்களுக்கு உதவி வெள்ளமாக வந்தது. வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள்; அதற்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால், தமிழகக் கடற்கரை நெடுக யாரும் கேட்காத பழந்துணிகள் சாலையோரம் குவிந்ததையும், மீனவர்களிடம் கேட்காமல் தேவைக்கு மிஞ்சிய சிறு படகுகள் வழங்கப்பட்டதையும் அந்தத் தலைமுறை மறக்கவில்லை. உங்கள் ஊரில் அந்தக் காலத்தை நினைவில் வைத்திருக்கிற பெரியவர்களிடம் போய், எந்த அமைப்பு வந்தது, எவ்வளவு காலம் இருந்தது, போன பிறகு என்ன மிஞ்சியது, அவர்கள் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பதில்களை எழுதி வையுங்கள். நேர்முகத் தேர்வில் ‘வளர்ச்சிப் பணி என்றால் என்ன?’ என்று கேட்கும்போது, பாடநூலிலிருந்து சொல்பவரைவிட உங்களுக்குச் சொல்ல அதிகம் இருக்கும்.

இரண்டாம் படி: செய்யப்போகும் வேலையைக் கூர்மையாக்குங்கள்

‘குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும்’ என்பது நல்ல எண்ணம், ஆனால் அது ஒரு வேலையின் பெயராகாது. உலக அளவில் சுமார் 25 கோடிக் குழந்தைகளும் இளையோரும் பள்ளிக்கு வெளியே இருப்பதாக 2023இல் யுனெஸ்கோ கணக்கிட்டது. பள்ளிக்கு வந்தும் படிக்கத் தெரியாதவர்களின் நிலை அதைவிடக் கவலை தருவது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் 70 விழுக்காட்டினரால் எளிய ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது உலக வங்கியின் 2022 மதிப்பீடு. இந்தக் குறையை வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பறையில் நின்று தீர்க்க இயலாது. அந்த ஊர் மொழி தெரிந்த, அந்த ஊரிலேயே வாழப்போகிற ஆசிரியரால்தான் இயலும். எனவே வெளியிலிருந்து செல்பவர் பயன்படும் இடங்கள் வேறு: ஆசிரியர் பயிற்சி, பாடப்பொருள் உருவாக்கம், கற்றல் அளவீடு, ஏதிலியர் முகாம்களில் கல்வி ஒருங்கிணைப்பு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்வி, பள்ளிக் குடிநீரும் கழிவறையும், கணக்கும் நிதியும், தரவு மேலாண்மை. பட்டம் எதுவானாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில் உங்களுக்கு இடம் இருக்கும். பொறியியல் படித்தவர்களும் வணிகவியல் படித்தவர்களும் தமக்கு இதில் வேலை இல்லை என்று விலகிவிடுவது வருத்தத்துக்குரியது. நேர்மையாகக் கணக்கு எழுதத் தெரிந்த ஆளுக்கு ஏங்குகிற கல்வி அமைப்புகள் ஏராளம்.

இந்தியாவிலிருந்து அயல்நாடு சென்ற ஒரு முறையைக் கவனமாகப் படிக்கச் சொல்வேன். 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, குழந்தைகளை வயதின்படியோ வகுப்பின்படியோ பிரிக்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர், கதை படிப்பவர் என அப்போதைய திறனின்படி குழுக்களாக்கி, நாளுக்கு ஓரிரு மணிநேரம் அந்த நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. கடுமையான ஆய்வுகளில் பலன் உறுதிப்பட்ட பிறகு, சாம்பியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் அரசுப் பள்ளிகள் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. அங்கே கற்பிப்பவர்கள் அந்நாட்டு ஆசிரியர்கள். இந்தியர்கள் பயிற்சியளித்தும் உடனிருந்தும் உதவினார்கள். நீங்கள் எதிர்காலத்தில் வகிக்கக்கூடிய பங்கு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

எந்த வாய்ப்பைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே வேலையை அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்ய முடியுமா? முடியும் என்றால், நீங்கள் போவதால் ஒருவருடைய சம்பளம் போகிறது.

மூன்றாம் படி: முதல் இரண்டாண்டுப் பணியைக் குமரியிலேயே செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன். அயல்நாட்டில் காணப்போகிற சிக்கல்கள் பெரும்பாலும் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை எப்படிப் படிக்கிறது, குடியுரிமை இல்லாததால் மேற்படிப்பிலும் வேலையிலும் என்ன தடை வருகிறது என்பதை அங்கே நேரில் அறியலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் தமிழ்நாட்டு முகாம்களில் பணிசெய்து வருகிறது. ஏதிலியர்களே தமக்காக நடத்தும் அமைப்பு எப்படி இயங்கும் என்பதற்கு அது நல்ல சான்று. முகாமுக்குள் பணிசெய்ய அரசு அனுமதி வேண்டும் என்பதால், இப்படி ஓர் அமைப்பின் வழியாகச் செல்வதே முறை.

செங்கற்சூளைகளிலும் கட்டுமான இடங்களிலும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கியுள்ளன. அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கு அவர்கள் மொழி தெரியாது. இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசும் ஒரு குழந்தையைத் தமிழ் வகுப்பறைக்குள் கொண்டுவரக் கற்றுக்கொண்டவர், கென்ய முகாமில் சோமாலி பேசும் குழந்தையைக் கண்டு திகைக்க மாட்டார். மேற்கே தூத்தூர், வள்ளவிளை, நீரோடி முதலிய கடற்கரை ஊர்களில், தந்தையர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்க, வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் தாய்மார் தனித்து நடத்துகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தந்தையை இழந்த பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பேரிடருக்குப் பின்னான கல்வி என்ன என்பதை அந்த ஊர்களின் ஆசிரியர்களிடமும் பங்குப் பணியாளர்களிடமும் கேட்டு அறியலாம். அரசுத் தரப்பில் பார்த்தால், பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மிகப் பெரிய அளவில் மாலை வகுப்பு நடத்த முடியும் என்று காட்டியது. அதில் பணிசெய்த தன்னார்வலர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும், அவர்களோடு பேசுங்கள்.

இந்த இரண்டாண்டுகளில் வெறுமனே ‘சேவை செய்தேன்’ என்று இருந்துவிடாமல், அளந்து எழுதுங்கள். குழந்தைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை அளந்து பிரதம் வெளியிடும் ஏசர் (ASER) ஆய்வின் வாசிப்புக் கருவி தமிழிலேயே கிடைக்கிறது. வகுப்பு தொடங்கும் வாரத்தில் ஒவ்வொரு குழந்தையும் எந்த நிலையில் படிக்கிறது என்று குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கருவியால் மீண்டும் பாருங்கள். வராத குழந்தை ஏன் வரவில்லை என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பெயர்களுக்குப் பதில் எண்களைப் பயன்படுத்துங்கள். குழந்தைகளின் படங்களைச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள். இப்படிப் பராமரித்த ஒரே ஒரு குறிப்பேடு, பத்துப் பயிலரங்குச் சான்றிதழ்களைவிட அதிக எடையுள்ளது. பிற்பாடு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் பணி அனுபவமும் இதுவே. ஆனால் அதைச் சம்பளச் சீட்டுடனோ முறையான நியமனக் கடிதத்துடனோ காட்ட முடிய வேண்டும் என்பதால், பதிவுபெற்ற ஓர் அமைப்பின் பெயரில் பணிசெய்யுங்கள்.

நான்காம் படி: படிப்பும் உதவித்தொகையும்

கல்வித் துறைக்குள் நேரடியாகச் செல்ல விரும்புவோர் பி.எட். முடித்திருப்பது பல நாடுகளில் பயன்படும். சமூகப்பணியில் முதுநிலை படிக்க, சென்னை சமூகப்பணிக் கல்லூரி, காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவை நீண்ட மரபுடையவை. கல்வியையும் வளர்ச்சியையும் சேர்த்துப் படிக்கப் பெங்களூருவின் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் நல்ல இடம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து கட்டணச் சலுகையும் உண்டு. இந்தியாவில் முதுநிலை முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் பணிசெய்து, அதன் பிறகு வெளிநாட்டில் ஓராண்டுப் படிப்புக்குச் செல்வதே செலவு குறைந்த வரிசை.

வெளிநாட்டுப் படிப்பைக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தகவல் தொழில்நுட்பத்தில் வேலைக்குப் போகிறவர் முப்பது நாற்பது இலட்சக் கடனை அடைத்துவிடலாம். தொண்டு நிறுவனச் சம்பளத்தில் அது கழுத்தை நெரிக்கும். கடைசியில் கடனுக்காக வேறு வேலைக்குப் போய்விடுவோம். எனவே முழு உதவித்தொகையையே குறிவையுங்கள். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. குறைந்தது 2,800 மணிநேரப் பணி அனுபவம் கேட்கிறது. படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு, வளரும் நாடுகளுக்குப் பயன்படும் முதுநிலைப் படிப்புகளுக்கென்று தனித் திட்டம் வைத்துள்ளது. அதற்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்கு மூன்றாண்டு அனுபவம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளில் ஒரே படிப்பை இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம். பட்டியல் வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களிலிருந்து வருவோர் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள். ஆண்டுக் குடும்ப வருமானம் 8 இலட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வயது 35க்குள் இருக்க வேண்டும். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு 2022 முதல் அந்த உதவித்தொகை கிடையாது என்பதால், ஆய்வுத் தலைப்பை அதற்கேற்ப அமைக்க வேண்டியிருக்கும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகையால் முகவர்களின் சொல்லை நம்பாமல், அந்தந்த உதவித்தொகையின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் படித்தே விண்ணப்பியுங்கள்.

பணம் செலவழிக்காமல் கற்கவும் வழியுண்டு. நெருக்கடிக் காலக் கல்விக்கான பன்னாட்டு வலையமைப்பு, போரிலும் பேரிடரிலும் பள்ளி நடத்துவதற்கான குறைந்தபட்சத் தர அளவுகளை வெளியிட்டுள்ளது. அது இலவசமாகக் கிடைக்கிறது. முகாம் கல்வியில் வேலை தேடுபவர் அதை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மொழி

ஆங்கிலம் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும், வகுப்பறைக்குப் போதாது. தான்சானியாவில் தொடக்கக் கல்வி சுவாகிலியில் நடக்கிறது, உயர்நிலைக்குப் போனதும் ஆங்கிலமாகிறது; அந்த மாறுதலில் தடுமாறும் பிள்ளைகள் மிகப் பலர். ருவாண்டா 2008இல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பயிற்றுமொழியை மாற்றத் தீர்மானித்தபோது, ஆசிரியர்களே புதிய மொழியைக் கற்க வேண்டியதாயிற்று. செனகல், நைஜர், சாட் போன்ற நாடுகளில் பிரெஞ்சு இல்லாமல் பணிசெய்ய இயலாது. மொசாம்பிக்கில் போர்த்துகீசியம் வேண்டும்.

இந்த விஷயத்தில் குமரிக்காரர்களுக்குப் பிறப்பிலேயே ஒரு பலம் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைவதற்கு முன் நடந்த போராட்டத்தில் மொழியும் பள்ளியும் எவ்வளவு பெரிய கேள்விகளாக இருந்தன என்பதை நம் குடும்பங்கள் அறியும். விளவங்கோடு பகுதியில் இன்றும் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைகள் உண்டு. இரு மொழிகளுக்கிடையே வாழ்ந்த அந்த அனுபவத்தை விண்ணப்பக் கட்டுரையில் எழுதுங்கள். தேர்வாளர்கள் அதை மதிப்பார்கள். பிரெஞ்சு கற்க, நமக்கு அருகில் திருவனந்தபுரத்திலேயே அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இரண்டாண்டு ஊரில் பணிசெய்யும் காலத்திலேயே இடைநிலைத் தகுதியை எட்டிவிட்டால், விண்ணப்பதாரர் வரிசையில் உங்கள் இடம் வெகுவாக முன்னேறும்.

ஆறாம் படி: எந்த அமைப்போடு செல்வது

ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம் ஒரு நல்ல வாசல். 18 முதல் 26 வயது வரையுள்ளோர் இளையோர் பிரிவிலும், 27 வயது நிறைந்து மூன்றாண்டு அனுபவம் உள்ளோர் வல்லுநர் பிரிவிலும் அயல்நாட்டுப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். வாழ்க்கைச் செலவுக்குப் படி தருவார்கள். அதே தளத்தில் வீட்டிலிருந்தபடி இணையவழித் தன்னார்வப் பணியும் செய்யலாம். மொழிபெயர்ப்பு, தரவு, பாடப்பொருள் வடிவமைப்பு போன்ற அந்தச் சிறு பணிகள், பன்னாட்டு அமைப்பொன்றோடு வேலைசெய்த முதல் சான்றைத் தரும். வங்கதேசத்தில் 1972இல் தொடங்கிய பிராக் இன்று உகாண்டா, தான்சானியா, சியரா லியோன் முதலிய நாடுகளில் கல்விப் பணி செய்கிறது. நம்மைப் போன்ற ஒரு நாட்டில் பிறந்து பிற நாடுகளுக்குச் சென்ற அமைப்பு என்பதால், தெற்காசியர் ஒருவருக்கு அதன் பணிமுறை எளிதில் பிடிபடும். 1980இல் தொடங்கப்பட்ட இயேசு சபையாரின் ஏதிலியர் பணி அமைப்பு பல நாடுகளின் முகாம்களில் பள்ளி நடத்துகிறது. வேலை அறிவிப்புகளுக்கு ஐ.நா.வின் ரிலீஃப்வெப் தளத்தைத் தினமும் பார்க்கலாம். குமரியில் பிறந்த அருட்சகோதரிகளும் குருக்களும் பலர் ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளி நடத்துகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்களைச் சென்று பாருங்கள். எந்த அலுவலகமும் சொல்லாத உண்மைகளை அவர்கள் சொல்வார்கள்.

இனி எச்சரிக்கைகள். ஐ.நா. அமைப்புகள் ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. அவற்றின் பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி. இரண்டு வாரம் ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு இருக்கலாம், கட்டணம் இவ்வளவு என்று விற்கப்படும் பயணங்களை விட்டுவிடுங்கள். குறிப்பாக, அநாதை இல்லங்களில் குறுகிய காலம் தங்கிக் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வரும் திட்டங்கள் தீங்கானவை. அங்கிருக்கும் பல குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர்களின் பணம் வருவதாலேயே குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து இல்லத்தில் வைத்திருக்கும் நிலை பல நாடுகளில் உருவாகியிருக்கிறது. மாதத்துக்கொரு முகம் வந்து அன்பு காட்டிப் பிரிந்துபோவது அந்தக் குழந்தையின் மனத்தை என்ன செய்யும் என்று எண்ணினாலே போதும்.

ஓர் அமைப்பில் சேருமுன் நான்கு தாள்களைக் கேளுங்கள்: அந்நாட்டில் பதிவுபெற்ற சான்று, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, உங்கள் பணி ஒப்பந்தம். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இல்லாத அமைப்பில், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், சேர வேண்டாம். உங்கள் காவல்துறை நன்னடத்தைச் சான்றை அவர்கள் கேட்காவிட்டால், அதையும் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வீட்டாரோடு பேசுதல்

‘அங்க சம்பளம் எவ்வளவு மக்களே?’ என்று சித்தப்பா கேட்பார். அந்தக் கேள்வியில் தவறில்லை. வீட்டுக் கடன், தங்கையின் கல்யாணம், ரப்பர் விலை, அப்பாவின் மருத்துவச் செலவு எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. இதற்கு இலட்சியப் பேச்சால் பதில் சொல்லாமல், ஒரு தாளில் கணக்கெழுதிக் காட்டுங்கள்: மாதப்படி எவ்வளவு, அங்கே செலவு எவ்வளவு, வீட்டுக்கு அனுப்பக்கூடியது எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, மருத்துவக் காப்பீடு யார் கட்டுகிறார்கள், அவசரத்தில் திரும்பி வர யார் பயணச்சீட்டு எடுப்பார்கள். தன்னார்வப் படியில் வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடும்பத்துக்கு உங்கள் வருமானம் உடனடியாகத் தேவையெனில், முதலில் சில ஆண்டுகள் வேறு வேலை செய்து கடனை அடைத்துவிட்டு வருவதில் எந்தக் குறைவும் இல்லை; இந்தப் பணி முப்பத்தைந்து வயதிலும் உங்களை ஏற்கும்.

பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் தடை வரும். அம்மாவின் அச்சத்தைப் போக்க வாதம் செய்வதைவிட, அந்த நாட்டில் ஏற்கெனவே பணிசெய்த ஒரு பெண்ணோடு அவரைப் பேசவைப்பது நூறு மடங்கு பயன் தரும்.

எட்டாம் படி: ஆவணங்களும் உடல்நலமும்

பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் கடவுச்சீட்டில் குடியகல்வுச் சோதனை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி பெறும் நடைமுறை) தேவையில்லை. ஆயினும் முகவர் வழியாகச் செல்வதாக இருந்தால், அவர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பணிசெய்வது, ஊதியம் இல்லாத பணியாக இருந்தாலும், பல நாடுகளில் குற்றம். பட்டச் சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசிடமும், பிறகு வெளியுறவுத் துறையிடமும் சான்றொப்பம் பெற வேண்டும். ஆவணச் சான்றொப்பத்துக்கான ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் தேவைப்படும். இதற்கு ஓரிரு மாதம் ஒதுக்குங்கள்.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் தென் அமெரிக்காவின் சில நாடுகளுக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அதன் சான்று கிடைக்கும். சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லும் என்பதால், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் செல்லும். சான்று இல்லாமல் அந்நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம்.

ஒன்பதாம் படி: போய்ச் சேர்ந்த பின்

முதல் ஆறு மாதங்களில் எதையும் மாற்ற முயலாதீர்கள். வகுப்பறையின் பின்வரிசையில் உட்காருங்கள். ஆசிரியர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார், சம்பளம் எப்போது வருகிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் பள்ளி மூடப்படுகிறது, அறுவடைக் காலத்தில் எந்தப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்று பாருங்கள். சந்தையில் பேசும் அளவுக்கேனும் ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களையும் சமயத் தலைவர்களையும் சென்று காணுங்கள். வாக்குறுதி கொடுக்காதீர்கள்; குறிப்பாகப் பணத்தைப் பற்றி. ஒரு குழந்தையோடு தனித்த அறையில் இருக்காதீர்கள், ஒரு குடும்பத்துக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் பணம் கொடுக்காதீர்கள். இரண்டுமே நல்ல மனத்தோடு செய்தாலும் தீங்கில் முடியக்கூடியவை.

முதல் நாளிலிருந்தே உங்கள் பொறுப்பை ஏற்கப்போகும் உள்ளூர்க்காரர் யார் என்று தேடுங்கள். அவரைக் கண்டதும், நீங்கள் முன்னே நின்று நடத்தும் பயிற்சிகளை அவர் நடத்த, நீங்கள் பக்கத்தில் இருக்கும்படி மெல்ல மாற்றுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி மூன்று மாதங்களில் கணக்கு, கடவுச்சொற்கள், தொடர்புகள், பயிற்சிக் கையேடு யாவும் அவர் கையில் இருக்க வேண்டும். கையேடு அவர் மொழியில் இருக்க வேண்டும்.

பத்தாம் படி: சொந்த அமைப்பு தொடங்க எண்ணினால்

பிறர் அமைப்பில் ஐந்தாண்டாவது பணிசெய்யாமல் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. தொடங்குவதானால், அறக்கட்டளையாகச் சார்பதிவாளர் அலுவலகத்திலோ, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகவோ, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதியலாம். வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெற, 2010ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தனிப் பதிவு தேவை. அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 இலட்ச ரூபாயாவது தன் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேரும் கணக்கு புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும் என்பது 2020 திருத்தம். அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் அதன்பின் இடமில்லை.

பலர் அறியாத இன்னொரு விதியும் உண்டு. இந்தியாவில் பதிவுபெற்ற ஓர் அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாத நிலையில் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்குக் கிடைக்காது. நாகர்கோவிலில் நன்கொடை திரட்டி உகாண்டாவில் பள்ளி கட்டலாம் என்று தொடங்குவோர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். தனிநபராக அனுப்புவதென்றால், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்புத் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடங்கும். நடைமுறையில் எளிதானது, அந்நாட்டிலேயே பதிவுபெற்ற உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு இங்குள்ள நண்பர்கள் தனித்தனியாக வங்கிவழி அனுப்புவதும், செலவுக் கணக்கை அந்த அமைப்பு ஆண்டுதோறும் அவர்களுக்கு அனுப்புவதுமாகும். எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் ரூபாயைத் திரட்டுவதற்கு முன்பே, தொண்டு நிறுவனக் கணக்குகளில் பழகிய ஒரு பட்டயக் கணக்கரைக் கண்டு, எழுத்தில் ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள்.